நான்காம் தடத்தில் திமாயுகா

“தொப்பியப் பாருய்யா, கும்பாரே! தொப்பியில என்ன எழுதியிருக்குன்னு பாரு!”

மணிலா நீச்சல் அரங்கின் மூன்றாம் வரிசையில் டான் எபிபானியோ எழுந்தே நின்றுவிட்டார். எழுபத்தெட்டு வயதிலும் வளையாத முதுகு. சுற்றிலும் எல்லாரும் அரைக்கால் சட்டையில் விசிறிக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஞாயிறு பூசைக்குப் போகிறவர்போல் கழுத்துவரை பொத்தான் போட்ட பரோங் சட்டையில் இருந்தார்.

கீழே நான்காம் தடத்தின் மேடையருகே அவர் பேத்தி அமிஹான் கைகளைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய நீல ரப்பர் தொப்பியில் பிலிப்பைன்ஸ் கொடி. அதன் கீழே பெரிய எழுத்தில் ‘திமாயுகா’.

“உன் குடும்பப் பேருதான். அதுக்கென்ன இப்போ?” என்றார், அவர் ‘கும்பாரே’ என்று உரிமையோடு கூப்பிடும் பால்ய நண்பர் ருபெர்த்தோ, அவித்த வேர்க்கடலையை உரித்தபடி.

“அதுக்கென்னவா? போன திருவிழா விருந்துல என்ன சொன்னே? ‘உனக்கு ஒரே பொண்ணு, அவளும் வெள்ளைக்காரனைக் கட்டிக்கிட்டா, உன் பேரு உன்னோட சரி’ன்னு சொன்னியா, இல்லியா?”

“சொன்னேன். உன் வீட்டுப் பன்றி வறுவலைத் தின்னுகிட்டேதான் சொன்னேன்.”

அந்தப் பேச்சு டான் எபிபானியோவின் தூக்கத்தைக் கெடுத்திருந்தது. அந்தக் காலத்தில் அவருடைய ஊரான லிப்பாவில் ஸ்பானியர்கள் உத்தரவு போட்டு எல்லாருடைய குடும்பப் பெயரையும் மாற்றியபோதும் மாறாத பெயர் அது. அது தன்னோடு முடியப்போகிறதா?

மகள் எஸ்தெலா பிரெமன் நகரிலிருந்து, ஒரு ஜெர்மன்காரனைத் திருமணம் செய்யப்போவதாக எழுதியபோது கடிதத்தைக் கிழித்துப் போட்டார். கல்யாணத்துக்குப் போகவில்லை. பல வருடம் பேச்சில்லை. அதற்குள் அமிஹான் அந்தக் குளிர் ஊரின் நகராட்சிக் குளத்தில், பனி கொட்டும் விடியற்காலைகளில் நீந்தி நீந்திப் பதக்கங்களாகக் குவித்தாள். போன வருடம் ஜெர்மனியின் இளையோர் அணி அவளைக் கூப்பிட்டது. அவளோ, அதுவரை குரல்கூடக் கேட்டிராத தாத்தாவுக்கு போன் போட்டாள்.

“லோலோ, நான் உங்க கொடிக்குத்தான் நீந்துவேன்.”

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் பேத்தியோடு பேச்சுத்தான். ஆனால், “அவரும் இங்கதான் இருக்கார், ரெண்டு வார்த்தை பேசுங்கப்பா,” என்று எஸ்தெலா சொன்னால் மட்டும், “அந்த ஆள் பேச்சை எடுக்காதே,” என்று வைத்துவிடுவார்.

அந்த ஆள் இப்போது எஸ்தெலாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். நெடிய உருவம், வெயிலில் வெந்து சிவந்த முகம். இன்றுதான் முதல் சந்திப்பு. டான் எபிபானியோ தலையை மட்டும் அசைத்திருந்தார்.

அவன் காதில் விழட்டும் என்றே குரலை உயர்த்தினார். “அப்பன் பேரைத் தூக்கிப் போட்டுட்டு என் பேரை வெச்சுக்கிட்டாய்யா! ரத்தம் சும்மா விடுமா? அமெரிக்கனுக்கு வயிறு எரியும், எரியட்டும்.”

“ஜெர்மன், அப்பா,” என்றாள் எஸ்தெலா.

“வெள்ளையா இருந்தா எனக்கு எல்லாரும் அமெரிக்கன்தான்.”

“அந்தப் பேரு விஷயமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ப்பா...”

“அப்புறம் சொல்லு! விசில் ஊதிட்டான்.”

எஸ்தெலா வாயைத் திறந்தாள். கணவன் சிரித்துக்கொண்டே அவள் கையை அழுத்தினான்.

தென்கிழக்காசிய இளையோர் இறுதிப் போட்டி. மார்பு நீச்சல், இருநூறு மீட்டர். இந்தக் கொடிக்காக அமிஹான் நீந்தும் முதல் பந்தயம். ‘வெளிநாட்டுல பொறந்த பொண்ணுக்கு எதுக்கு நம்ம எடம்?’ என்று முணுமுணுத்தவர்களும் அரங்கில் இருந்தார்கள்.

முதல் திருப்பத்தில் அவள் ஐந்தாவது.

“மெதுவாப் போறாளே,” என்றார் ருபெர்த்தோ.

“வாயில கடலையைப் போட்டுக்கிட்டுப் பேசாம இரு!”

அடுத்த திருப்பத்தில் மூன்றாவது. கடைசிச் சுற்றில் சிங்கப்பூர்ப் பெண் மட்டுமே முன்னால். திமாயுகா வீட்டார் பொது இடத்தில் கத்துவதில்லை என்பது டான் எபிபானியோ வகுத்த சட்டம். அவரே இப்போது நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார்.

“உதைடி, என் தங்கமே! உதை! உதை!”

இரண்டு பேரின் கைகளும் ஒன்றாகவே சுவரைத் தொட்டதுபோல் இருந்தது. பலகை ஒளிர்ந்தது. முதலிடம்: திமாயுகா.

“தி-மா-யு-கா! தி-மா-யு-கா!” முணுமுணுத்தவர்களும் சேர்ந்து கத்தினார்கள். அமிஹான் தண்ணீரில் குதித்துக் குதித்துக் கையசைத்தாள்.

“என்னய்யா, என் பேரு என்னோட சரியா?” கிழவரின் கன்னம் நனைந்திருந்தது.

“தப்புத்தான். அடுத்த விருந்துக்குப் பன்றி என் செலவு, போதுமா?”

ஜெயித்தவருக்குப் பெருந்தன்மை வந்தது. பாவம், அந்த மனிதனும் பெற்றவன்தானே! வாழ்க்கையில் முதல்முறையாக அவன் தோளைத் தட்டினார்.

“கும்பாரே, இவர்தான் என் மாப்பிள்ளை. மிஸ்டர் டோர்ஸ்டன்...” என்று ஆரம்பித்தவர் தடுமாறி நின்றார். அவனுடைய குடும்பப் பெயரை இத்தனை வருடத்தில் அவர் கேட்டதே இல்லை.

“முழுப் பேரு என்னங்க?” என்று ருபெர்த்தோவே கேட்டார்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, லிப்பா ஊர்ப் பேச்சு வழக்கு மாறாமல் பணிவாகச் சொன்னான்: “டோர்ஸ்டன் திமாயுகாங்க. எங்க வீட்டுல பேர் சொல்ல நாலு அண்ணன் தம்பிங்க இருக்காங்க, இங்க இவ ஒருத்திதானே. எங்க நாட்டுச் சட்டம் அதுக்கு எடம் கொடுக்குதுன்னு, கல்யாணத்தன்னைக்கே நான் இவ பேரை எடுத்துக்கிட்டேன்.”