பாலாம்பிகை மீது ஒரு முறைப்பாடு

“ஆரோ எங்கட ஆக்கள்தான் காட்டிக் குடுத்திருக்கினம்.” பியர்பொன்ட்ஸில் வீட்டு வாசலில் கார் எடுத்ததிலிருந்து ஞானேந்திரன் இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார். “நீ கோயில் மண்டபத்தில பிள்ளையளோட கதைக்கிறது வெள்ளைக்காரருக்கு எப்பிடித் தெரியும்?”

அவர் மனைவி பாலாம்பிகை மடியில் ஒரு கனத்த பையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள்.

உரிமம் இல்லாமல் உளவியலாளர் வேலை பார்க்கிறாள் என்று யாரோ தொலைபேசியில் முறைப்பாடு செய்துவிட்டார்கள். குற்றம் என்று முடிவானால் தண்டப்பணம் ஒருபக்கம், அவளுடைய உரிம விண்ணப்பமும் அதோடு சரி. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் எத்தனையோ பிள்ளைகளைப் பேசவைத்தவள், இங்கே குழந்தைகள் காப்பகத்தில் மூக்குத் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கிறாள்.

“அந்த றோஸ்மேரியாத்தான் இருக்கும். அவவின்ர மகனுக்கு ஒரு குறையும் இல்லை, வீட்டிலதான் சத்தம் கூடிப்போச்செண்டு மூஞ்சைக்கு நேர சொன்னனியெல்லே?”

“உள்ளதைத்தானே சொன்னனான்.”

“விண்ணப்பம் போட்டு நாலு வருசம், ஒரு மூச்சுப் பேச்சைக் காணேல்ல. ஆரோ கோள் மூட்டினவுடன ஒரு கிழமைக்குள்ள கூப்பிடுறாங்கள். பாத்தியே அநியாயத்தை?”

“பாத்தனான்.”

“அதென்ன பையுக்குள்ள?”

“என்ர படிப்புப் பத்திரங்கள், வேலை செய்த அத்தாட்சியள், எல்லாம்.”

“அதுகளை அவையள் கேக்கேல்லையே!”

“கேப்பினம்,” என்றாள்.

உளவியலாளர்களுக்கு உரிமம் வழங்கும் டவுன்டவுன் அலுவலகத்தில் இருந்த பெண் அதிகாரி, “வாருங்கள், மதாம் பாலாம்பிகை தியாகலிங்கம்” என்று தகப்பன் பெயரோடு ஓர் எழுத்துப் பிசகாமல் அழைத்தார். ஞானேந்திரனுக்கே ஆச்சரியமாகிவிட்டது. இந்த ஊரில் எல்லோருக்கும் அவள் வெறும் ‘பாலா’தான்.

“முறைப்பாடு தந்தவர் பெயரை எழுத்து எழுத்தாக மிகப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாராம்,” என்று சிரித்தார் அதிகாரி. பேச்சு முழுக்கப் பிரெஞ்சில் நடந்தது. “தனுஷா என்ற சிறுமியை நீங்கள் பரிசோதித்தீர்களா?”

இல்லை என்று சொல்லச் சொல்லி, மேசைக்கடியில் ஞானேந்திரன் அவள் காலை மிதித்தார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

“பரிசோதித்தேன். பிள்ளைக்குப் புத்தி மட்டு என்று பள்ளிக்கூடம் தனி வகுப்பில் போடப் பார்த்தது. நான் தமிழில் கேட்டேன், அவள் வயதுக்கு மிஞ்சின கெட்டிக்காரி. பிரெஞ்சில் பிழைவிட்டால் சிரிப்பார்கள் என்று பயந்து வாயே திறக்காமல் இருந்திருக்கிறாள்.”

“அது உரிமம் பெற்ற உளவியலாளர் செய்ய வேண்டிய வேலை, மதாம்.”

“நல்லது. அது உளவியலாளர் வேலை இல்லையென்றால் நான் குற்றம் செய்யவில்லை, வீட்டுக்குப் போகிறேன். அந்த வேலைதான் என்றால், அதை ஒழுங்காகச் செய்தேனா என்றும் பாருங்கள். என் விண்ணப்பம் இதே கட்டடத்தில்தான் தூங்குகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவோம்.”

“தண்டனை வரலாம், தெரியும்தானே?”

“வரட்டும். தண்டிப்பதற்கு என்னைத் தெரிகிறது. உரிமம் தருவதற்கு மட்டும் தெரியவில்லையா?”

பையை அப்படியே மேசையில் கவிழ்த்தாள். ஞானேந்திரன் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி ஒரு பத்திரத்தை எடுத்து வாசித்தார், இன்னொன்றை எடுத்தார், கடைசியில் யாரையோ அழைத்து அவளுடைய விண்ணப்பத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

முறைப்பாடு எச்சரிக்கையோடு முடிந்தது. உரிமம் வரும்வரை இனிப் பரிசோதனை கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். அடுத்த மாதமே உரிமக் குழுவின் முன்னால் நேர்முகத் தேர்வு என்றும் சொன்னார்கள்.

வெளியே வந்த ஞானேந்திரனுக்குச் சந்தோஷத்தில் கால் நிலத்தில் படவில்லை. ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

“நீ என்ன சொன்னாலும் காட்டிக் குடுத்த ஆளை நான் விடமாட்டன். இப்பவே றோஸ்மேரி வீட்டை போறன், நல்லா நாலு கேள்வி கேக்கப்போறன்!”

“அங்க போகாதேங்கோ. அவ பாவம், அவவுக்கு ஒண்டும் தெரியாது.”

“அப்ப வேற ஆர்? எங்கட ஆக்கள் இல்லையெண்டு சொல்லுறியோ?”

பாலாம்பிகை வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“எங்கட ஆள்தான். நான்தான் ரெலிபோன் எடுத்தனான்.”