இரண்டாவது மெயில்

ஒசாகா அலுவலகத்தின் ஜன்னல் திரை வழியே வெயில் கோடுகோடாகக் கீபோர்டில் விழுகிறது. கிளவுடில் ஏற்றும் வரைபடங்களையெல்லாம் சர்வரே பூட்டி வைத்துக்கொள்ளும்படி அமைத்துவிட்டு, ஷியோரி கடைசி பட்டனைத் தட்டுகிறாள். முதுகுக்குப் பின்னால் மேலாளர் குராமொச்சி பார்லி டீ உறிஞ்சும் சத்தம் சட்டென்று நிற்கிறது. “பாஸ்வேர்ட் எங்கம்மா?” “வேண்டாம் சார். சாவி சர்வர்கிட்டயே இருக்கு. நாம அனுமதிச்ச ஆளுக்குத் தானாத் திறக்கும்.” “அப்போ ரெண்டாவது மெயில்ல என்னத்த அனுப்புறது?” காலமெல்லாம் ஃபைலை ஒரு மெயிலிலும் அதன் பாஸ்வேர்டை அடுத்த மெயிலிலும் அதே ஆளுக்கு அனுப்பியே பழகிய விரல்கள் கோப்பையைச் சுற்றித் தவிக்கின்றன. “ஒண்ணுமே அனுப்ப வேண்டாம் சார்.” அவர் தன் மேசைக்குப் போகிறார். வாடிக்கையாளருக்கு அவர் அனுப்பிய மெயிலின் நகல் ஷியோரியின் திரையில் மினுங்குகிறது. வரைபடத்தின் லிங்க் மட்டும். அப்பாடா என்று அவள் நாற்காலியில் சாய்வதற்குள் அடுத்தது வருகிறது: ‘முந்தைய மெயிலுக்குப் பாஸ்வேர்ட் கிடையாது. தயவுசெய்து யாரிடமும் சொல்லிவிட வேண்டாம்.’