பள்ளம் போயிருச்சு

கடல் நடுவே ஒரு தீவு. ஊற்று வற்றிப்போனதால், மறுபக்கத்துச் சுனையைத் தேடி ஓர் ஆடும் நண்டும் மலைமுகட்டின் ஒற்றையடிப் பாதையில் போய்க்கொண்டிருந்தன. பக்கவாட்டில் நடக்கும் நண்டின் கண்ணெதிரே எந்நேரமும் பள்ளம்தான். நின்று நின்று நடுங்கியது.

“என்னை மாதிரி பாதையைப் பார்த்து நட, பயந்தாங்கொள்ளி!” என்றது ஆடு.

திடீரென்று மூடுபனி கவிந்தது. பாதை மறைந்ததும் ஆடு அடியெடுத்து வைக்க அஞ்சி நின்றுவிட்டது.

“அப்பாடா, பள்ளம் போயிருச்சு!” என்ற நண்டு, காலால் பாறையை டக்டக்கென்று தட்டித் தட்டி விறுவிறுவென்று நடந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஆடு பின்தொடர்ந்தது.

சுனையருகே புல்வெளியை அடைந்தபோது பனி விலகியது. நண்டு திரும்பிப் பார்க்கப் போனது. ஆடு சட்டென்று குறுக்கே வந்து பள்ளத்தை மறைத்து நின்றது.

“நிஜமாவே போயிருச்சாண்ணே?”

“போயிருச்சுப்பா. வா, தண்ணி குடிப்போம்.”