ஒரே பாட்டை எத்தனை தடவை?

"ரேடியோவுல வர்ற ஒரே பாட்டை ஒரு வருஷத்துல முந்நூத்திப் பதினெட்டு தடவை பதிவு பண்ணியிருக்கியாமே! எதுக்குடி?"

லிஃப்ட் மெக்கானிக் கடிதத்தை மேஜைமேல் வீசினார். நேரில் வந்து விளக்கம் சொல்லும்படி இசைக் கலைஞர்கள் உரிமைத்தொகை அலுவலகம் அவர் மனைவியைக் கூப்பிட்டிருந்தது.

அவள் கடிதத்தை எடுத்து மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். 

இருபதாவது மாடியில் கம்பியில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிறவர் அவர். அங்கே வராத பயம் இப்போது வந்தது. பாட்டை நகலெடுத்து விற்றிருப்பாளோ? கேஸ், கோர்ட் என்று போனால் குடும்பம் என்னாவது?

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்தப் பாட்டைப் பாடியிருப்பவன் ஆண். யார் அவன்? கேட்க நாக்கு எழவில்லை.

மறுநாள் காலை அந்த அலுவலகத்தில் இருவரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி கம்ப்யூட்டர் திரையை இவர்கள் பக்கம் திருப்பினார்.

"டிஜிட்டல் ரேடியோவுல வர்ற பாட்டைப் பதிவு பண்ணினா, ஒவ்வொரு தடவையும் உங்ககிட்ட ஒரு தொகை வசூலிச்சு, பாடினவங்க, வாசிச்சவங்க எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுக்கறோம். தெரியுமாம்மா?"

"தெரியும் சார். என் தையல் கூலியிலதான் கட்டறேன்."

"அநேகமா தினமும் ஒரே பாட்டுன்னா சந்தேகம் வருமில்லையா? வெளியில விக்கறீங்களா?"

"ஐயையோ, இல்லை சார்! பதிவானதும் அழிச்சிடுவேன்."

"அழிச்சிடுவீங்களா? கேக்கறதுகூட இல்லையா?" அதிகாரியின் குரல் உயர்ந்தது. "அப்ப ஒண்ணுதான் இருக்கு. பணம் யாருக்கோ போய்ச் சேரணும்னுதான் பதிவு பண்றீங்க. பாடினவர் உங்களுக்கு வேண்டியவரா? உண்மையைச் சொல்லுங்க, இல்லைன்னா போலீஸுக்கு எழுத வேண்டியிருக்கும்."

 ஒருவேளை 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால்? மெக்கானிக் நாற்காலியை இறுகப் பற்றிக்கொண்டார்.

"பாடினவரை எனக்குத் தெரியாது சார்."

"பின்னே?"

அவள் கணவன் பக்கம் திரும்பவே இல்லை. 

"அதுல வயலின் வாசிச்சது இவரோட அப்பா. ஆறு வருஷமா ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தனியா, முடியாம கிடக்கார். இவர் கொடுக்க மாட்டேங்கறார், நான் கொடுத்தா மாமா வாங்க மாட்டேங்கறார். தான் வாசிச்சதுக்கு வந்த காசுன்னாதான் சார், கையெழுத்துப் போட்டு வாங்கி மருந்து வாங்கிக்கறார்."