சிவப்பு வண்டியும் நீல வண்டியும்

மாதனூர் தாண்டியதும் பின்னாலிருந்து நீல வண்டியின் ஹாரன் கேட்டது. சிவப்பு வண்டி டிரைவர் கன்னியப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸைச் சாலையின் நடுவுக்குக் கொண்டுவந்து, வழியை அடைத்துக்கொண்டு ஓட்டினான்.

"உடாத அண்ணே," என்றான் படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர். "முன்னால போய்ட்டான்னா அடுத்த ஸ்டாப்புல நிக்கிறவங்க அத்தனை பேரையும் அள்ளிக்குவான்."

முன்னால் தோல் பதனிடும் ஆவாரம்பட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் ஆம்பூர் தோல் கிடங்குகளுக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நீல வண்டி வலப்பக்கம் ஏறியது. இரண்டு பஸ்களும் தகரம் உரசும் நெருக்கத்தில் பாய்ந்ததில், கடைசி வண்டியின் மாடு மிரண்டு பள்ளத்தில் இறங்கியது.

பஸ்ஸில் இருந்தவர்கள் பள்ளிகொண்டா ரங்கநாதரைக் கூப்பிட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்தார்கள். ஜெயம்மாள் பிடிக்கவில்லை. கைகளை மடியில் போட்டபடி, வெளியே பின்னோக்கி ஓடும் புளியமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மரங்களில் ஒன்றில் அடிபட்டுத்தான் சென்ற வருஷம் அவள் கணவன் ஆரோக்கியசாமி போனான். அன்றைக்கும் இதே போட்டி. படியில் நின்றிருந்தவன் மரத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டான். இதே பஸ்தான். நசுங்கிய பக்கத்தைத் தட்டி நிமிர்த்தி, மறுபடியும் சிவப்புச் சாயம் பூசி ஓட விட்டிருந்தார்கள்.

ஆம்பூரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வாத்தியார் வேலை. பள்ளிகொண்டாவிலிருந்து வேறு வழி கிடையாது. காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அந்தப் படியில் கால் வைக்க முடியாமல் நின்றாள். பிறகு வைத்தாள். அதன் பிறகு தினமும் வைத்தாள். எந்த மரம் என்பதுகூட இப்போது சரியாக நினைவில் இல்லை.

தனக்கு எது நடந்தாலும் சரி என்று அப்படியே இருந்திருப்பாள். ஆனால் மகள் அமிர்தவள்ளிக்கு உள்ளூரில் படிப்பு முடிந்துவிட்டது. இனி அவளும் இதே பஸ்ஸில் ஆம்பூருக்கு வந்தாக வேண்டும். அதை நினைத்துத்தான் நேற்று ஜெயம்மாள் சிவப்பு வண்டியின் முதலாளி பச்சையப்பனைத் தேடி அவர் வீட்டுக்கே போனாள்.

அவர் நாற்காலி போடச் சொன்னார். ஆரோக்கியசாமியைப் பற்றி இரண்டு வார்த்தை நல்லதாகச் சொன்னார். அவள் வந்த விஷயத்தைச் சொன்னதும் தலையை ஆட்டினார்.

"நான் இன்னாம்மா பண்றது? நான் மெதுவா ஓட்டச் சொன்னா, நீல வண்டிக்காரன் ஜனத்தையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போய்டுவான். எல்லாம் அவனாலதான்."

"அந்த வண்டிக்கு பிரேக்கே சரியா பிடிக்கலன்னு சொல்றாங்க," என்றாள் ஜெயம்மாள்.

"யாரு சொன்னது? போன மாசம்தான் புதுசு மாத்தினது." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க அந்த மொதலாளியப் போய்க் கேளுங்க டீச்சரம்மா. அவன் நிறுத்தட்டும், அடுத்த நிமிஷம் நானும் நிறுத்துறேன்."

"அவர் வீடு எங்கங்க?"

"வண்டி போர்டுல மொதலாளி பேருக்குக் கீழ குடியாத்தம்னு போட்டிருக்கு. அவன் மூஞ்சியில நான் முழிக்கிறதே இல்ல."

இன்றைக்கு ஆம்பூருக்கு நீல வண்டிதான் முதலில் வந்து நின்றது. கன்னியப்பன் ஸ்டியரிங்கைக் கையால் குத்தினான். ஜெயம்மாள் இறங்கி, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பள்ளிக்கூடம் போகும் பக்கம் திரும்பாமல் நேராக நீல வண்டியிடம் போனாள்.

அதன் டிரைவர் அஹமது பாஷா முன்பக்கத்தைத் திறந்து, ஆவி பறக்கும் இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவளை அவனுக்குத் தெரியும். ஆரோக்கியசாமியின் சவ ஊர்வலத்தில் கடைசி ஆளாக, தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நடந்து வந்தவன் அவன்.

"இன்னாம்மா?" என்றான்.

"கொஞ்சம் மெதுவா ஓட்டக் கூடாதாப்பா?"

"நானும் புள்ளகுட்டிக்காரன்தாம்மா. எனக்கு மட்டும் ஆசையா? பின்னால வந்தா நாளைக்கு வண்டிய வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்னு மொதலாளி சொல்லிட்டாரு. ரொம்ப பேஜார்."

"அதான் உங்க மொதலாளியப் பாக்கலாம்னு வந்தேன். நேத்து பச்சையப்ப மொதலாளிகிட்டப் பேசிட்டேன். நீங்க நிறுத்தினா அவரும் நிறுத்துறேன்னு சொல்லிட்டாரு. இன்னிக்கு சாயங்காலமே குடியாத்தம் போறேன்."

அஹமது பாஷாவின் கையிலிருந்த தகரக் குவளை அப்படியே நின்றது. தண்ணீர் வழிந்து அவன் காலடியில் தேங்கியது.

"குடியாத்தம் போகாதீங்கம்மா. வீண் அலைச்சல். போர்டுல இருக்கிறது மொதலாளியோட மச்சான் பேரு."

"அப்ப மொதலாளி எந்த ஊரு? எங்க இருந்தாலும் போய்ப் பாக்குறேன். நான் சொன்னா கேக்க மாட்டாரா?"

அவன் கன்னியப்பன் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"கேக்க மாட்டாரும்மா. எந்த வண்டி ஜெயிக்குதுன்றதே அவருக்கு முக்கியமில்ல. நாங்க ரெண்டு பேரும் ஓடிக்கிட்டே இருக்கணும், அவ்ளோதான்."

"நான் பாத்துப் பேசுறேன்பா. பேரை மட்டும் சொல்லு."

அஹமது பாஷா குவளையைக் கீழே வைத்தான்.

"அவரத்தான் நேத்து பாத்துட்டு வந்துட்டீங்களேம்மா."