குறுக்குக் கம்பி

"கோலை இடப்பக்கம் தள்ளுங்கோ டீச்சர். சீக்கிரம்," என்றான் சந்திரமௌலி.

ஃப்ளோரன்ஸ் தள்ளவில்லை. விமானத்தின் ஒற்றை இருக்கையில், அதைத் திருப்பும் கோலைத் தொடாமல், இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் கணவன் மர்சலின் செத்த இருக்கை அது.

சந்திரமௌலி ஜன்னல் வழியாக ஆற்றுப் பாலத்தைப் பார்த்தான். காலியாக இருந்தது. முதலாளியின் கார் எந்த நிமிஷமும் அதில் தெரியலாம்.

அடையாற்றங்கரையில் இருந்த தன் பங்களாவின் பெரிய கொட்டகையை முதலாளி காட்சிசாலையாக்கிக்கொண்டிருந்தார். நாளைக்குத் திறப்பு விழா. 1913-இல் விழுந்து உடைந்து, அதன் பிறகு இருபது வருஷம் கித்தானுக்கு அடியில் கிடந்த இந்த விமானம்தான் அங்கே முக்கியம். அதைச் செப்பனிடுவது சந்திரமௌலியின் வேலை.

எது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. துணியின் நிறம், ஆணியின் தலை, இருக்கைத் தோலின் தையல் என்று ஒவ்வொன்றையும் பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒரு தையல் மாறினாலும் பிரிக்கச் சொல்வார்.

நேற்று வரைக்கும்.

நேற்று சந்திரமௌலி இருக்கைக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, கண்டதை அவரிடம் சொன்னான். முதலாளி கொட்டகைக் கதவைச் சாத்தினார். பிறகு, "அதை மட்டும் மாத்திக் கட்டிடு. நாளைக்கு நான் வர்றதுக்குள்ள முடிஞ்சிருக்கணும்," என்றார்.

காலையில் குறடை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டவன், நேராகச் சாந்தோமுக்குப் போனான். ஃப்ளோரன்ஸ் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு.

மர்சலின் செத்த விதம் ஊருக்கே தெரியும். முதலாளியின் இந்த விமானத்தில் அடையாறு மணலிலிருந்து கிளம்பி, கரையோரமாக வடக்கே பறந்தான். வலப்பக்கம் கடல். காற்று லேசாக ஆட்டியதும் விமானம் கடல் பக்கம் சாய்ந்தது. நிமிரவே இல்லை. சாய்ந்துகொண்டே போய் அலையில் விழுந்தது.

"அவனாத்தான் திருப்பினான். மனசு சரியில்லாம இருந்தான்," என்று அன்று முதலில் சொன்னவர் முதலாளி.

தற்கொலை என்று பேச்சு பரவியது. அதனால் சர்ச் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியேதான் மர்சலினுக்கு இடம் கிடைத்தது.

ஃப்ளோரன்ஸ் அதை மறுத்துப் பேசியதே இல்லை. ஒருமுறைகூட.

"சார்! மொதலாளி காரு பாலத்தாண்ட வந்துக்கினு கீது!" வாசலிலிருந்து காவல்காரர் காதர் கத்தினார்.

ஃப்ளோரன்ஸ் சட்டென்று கோலைப் பிடித்து இடப்பக்கம் தள்ளினாள்.

வலது இறக்கையின் நுனியில் கீல் வைத்துப் பொருத்தியிருந்த பலகை மேலே எழும்பியது.

"எந்தப் பக்கத்துப் பலகை எழும்பறதோ, விமானம் அந்தப் பக்கம்தான் சாயும்." சந்திரமௌலி வலது பலகையைக் காட்டினான். "இடப்பக்கம் தள்ளினா இடது பலகை எழும்பணும். இங்கே கோல்லேர்ந்து பலகைக்குப் போற கம்பி ரெண்டையும் குறுக்கே மாத்திக் கட்டியிருக்கா. அவர் பறந்ததுக்கு முந்தின நாள் ரிப்பேர்ல முதலாளியோட ஆட்கள் போட்ட முடிச்சு. இதுவரைக்கும் யாரும் பிரிக்கலே."

அவள் மறுபடியும் தள்ளினாள். மறுபடியும் வலது பலகைதான் எழும்பியது.

"அப்ப அவரு..."

"கரைப் பக்கம் திருப்பத்தான் பார்த்திருக்கார். விமானம் கடல் பக்கம் சாயச் சாய, இன்னும் பலமாத் தள்ளியிருக்கார். கோலோட அடியைப் பாருங்கோ."

அவள் குனிந்து தடவிப் பார்த்தாள். விரல் கனத்துக்கு இருந்த இரும்பு, இடப்பக்கமாக வளைந்திருந்தது.

வெளியே சரளைக் கல்லில் டயர் நெரிந்தது. கார்க் கதவுகள் சாத்தும் சத்தம். முதலாளியின் குரலோடு இரண்டு வெள்ளைக்காரர்களின் குரலும் கேட்டது.

சந்திரமௌலி குறடைப் பார்த்தான். இரண்டே முடிச்சு. அவிழ்த்துக் கட்ட இப்போதும் நேரம் இருந்தது. நாளைக்கும் இந்த வேலையில் இருக்கலாம்.

குறடைத் தரையில் போட்டுவிட்டுப் போய், கொட்டகைக் கதவின் இரண்டு பக்கங்களையும் அகலத் திறந்தான்.

முதலாளி உள்ளே காலெடுத்து வைத்தவர், இருக்கையில் யார் என்று பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

ஃப்ளோரன்ஸ் அவரைப் பார்த்தபடியே கோலை இடப்பக்கம் தள்ளினாள்.

விருந்தாளிகளில் ஒருவர் விமானம் ஓட்டுபவர். சிரித்துக்கொண்டே வந்தவர், வலது இறக்கையைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. முதலாளியின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். முதலாளி தரையில் கிடந்த குறடைப் பார்த்தார்.

சந்திரமௌலி அவளை இறக்கிவிடக் கை நீட்டினான். அவள் கோலை விடவில்லை.

"அன்னிக்குக் காலையில எங்களுக்குச் சண்டை சார்," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதீங்கன்னு சொல்லித்தான் அனுப்பினேன். அதனாலதான் போய் விழுந்துட்டாருன்னு இத்தனை வருஷமா..."

அவள் குனிந்து வளைந்த இரும்பை மறுபடி தொட்டாள். 

"கரைப் பக்கம்தான் சார் எங்க வீடு."