பதினாறு பவுண்டு காற்று

ஸ்டூவர்ட் தன் அப்பாவைச் சுவருக்குள் வைத்துப் பூசி நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. அடிலெய்டில், அவன் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கல்லறைத் தோட்டத்துச் சுவர் அது. சின்ன மாடம், அதற்குள் சாம்பல் பெட்டி, வெளியே பித்தளைத் தகட்டில் மெர்வ் என்று பெயர்.

அம்மா க்ளெனிஸ் இதற்குக் கடைசிவரை சம்மதிக்கவில்லை. "கூராங் கடற்கரை மணல்ல, அவர் தூண்டில் போட்ட இடத்துல விடணும். அதைத்தான் அவர் கேட்டார்" என்று தினமும் போனில் சண்டை போட்டாள். உயிலில் பொறுப்பு ஸ்டூவர்ட் பேரில் இருந்தது. "அலை அடிச்சுட்டுப் போயிட்டா நான் எங்கே போய்ப் பார்க்கிறது?" என்று அவன் முடித்துவிட்டான்.

நேற்று அவன் வந்து நின்றபோது அவளே பெட்டியைத் துடைத்து எடுத்துக் கொடுத்தாள்.

"பெட்டி இவ்வளவு லேசா இருக்கும்னு நினைக்கலைம்மா" என்றான், இன்று அவளை ஊருக்குத் திரும்ப அழைத்து வரும் வழியில். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சுவர் முன்னால் நின்றபோதும் அவள் அழவில்லை.

கிங்ஸ்டனில் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அவன் மனைவி ஜனைன் விறகடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனாள். ஸ்டூவர்ட் கொட்டகையில் நின்ற அப்பாவின் டீசல் வண்டியிடம் போனான். அதை இன்றே அடிலெய்டுக்கு ஓட்டிப்போய் விற்றுவிடுவதாகத் திட்டம்.

முன் டயரில் காற்று அளவுமானியை வைத்தான். பதினாறு. அப்பா ஒவ்வொரு ஞாயிறும் பார்த்துப் பார்த்து முப்பத்தாறில் வைத்திருந்த டயர்.

"அம்மா, இங்கே வா. அப்பா போய் ரெண்டு மாசம்கூட ஆகல. வண்டியை என்ன கதி பண்ணி வச்சிருக்கே?"

"நின்னுகிட்டுத்தானே இருக்கு. விழுந்துடலையே."

"பதினாறு பவுண்டுதான் காத்து இருக்கு. இப்படியே தார் ரோட்டுல ஓட்டினா டயர் மடங்கி மடங்கிச் சூடாகி வெடிச்சிரும். பக்கச்சுவரைப் பாரு, எல்லாம் கீறல்..."

"இன்னைக்குச் சுவரைப் பத்தி மட்டும் நீ பேசாதே."

அவன் அடுத்த டயருக்குப் போனான். பதினாறு. பின்பக்கம் இரண்டையும் பார்த்தான். அவையும் பதினாறு.

மெதுவாக எழுந்தான். ஆணி குத்தினால் ஒரு டயர் இறங்கும். நாலும் ஒரே அளவுக்கு இறங்காது. கதவைத் திறந்து, தொங்கிய சாவியைத் திருகினான். போன ஞாயிறு அவனே வந்து நிரப்பிவிட்டுப் போன டேங்கில் கால் பங்கு காணோம்.

"வண்டியில எங்கே போனே?"

"கடைக்கு. பால் வாங்க."

"கடை தெருமுனையில இருக்கு. காத்துக் குறைஞ்சா டீசல் கூடக் குடிக்கும், சரி. அதுக்காகப் பால் வாங்கிட்டு வர கால் டேங்க் குடிக்குமா?"

"நல்லாத்தான் கணக்குப் போடுறே."

"மணல்ல ஓட்டத்தான் பதினாறுக்கு இறக்குவாங்க. நீ கடற்கரைக்குப் போயிருக்கே."

"போனேன்."

"எழுபத்திமூணு வயசுல, இந்தக் குளிர்ல, தனியாவா? அலை ஏறியிருந்தா வண்டியோட இழுத்துட்டுப் போயிருக்கும்."

"தனியாப் போகல."

"பக்கத்து வீட்டு ட்ரெவர் கூடவா?"

"அவனையா? சக்கரம் கொஞ்சம் புதைஞ்சாலே இறங்கி நடக்க ஆரம்பிச்சிருவான்."

ஸ்டூவர்ட்டுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். "சரி, யாரோடயோ போனே. திரும்பி வரும்போது காத்தை ஏத்தியிருக்கலாமில்ல? பம்பு பின்னாலதானே கிடக்கு?"

அம்மா வண்டியின் முகப்பில் கையை வைத்தாள்.

"மணல் தொடங்குற இடத்துல காத்தை இறக்குறது எப்பவும் என் வேலை. தார் ரோட்டுக்கு வந்ததும் ஏத்துறது உங்கப்பா வேலை. கல்யாணமான வருஷத்துலேர்ந்து அப்படித்தான். இந்தத் தடவையும் போகும்போது ரெண்டு பேராத்தான் போனோம். வரும்போது ஏத்துறதுக்கு ஆள் இல்லை."

அவன் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. பாவம், துக்கத்தில் ஏதேதோ பேசுகிறாள். அவள் தோளில் கை போட்டான்.

"அம்மா, அப்பா எங்கேயும் போகல. பத்திரமா இருக்கார். காலையில என் கையாலதானே வச்சேன்?"

அவள் அவன் கையை எடுத்துக் கீழே விட்டாள். நிமிர்ந்து அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

அப்போது சமையலறை ஜன்னலிலிருந்து ஜனைன் எட்டிப் பார்த்தாள். "அடுப்புல ஒரு பிடி சாம்பல்கூட இல்லையே. இவ்வளவு சுத்தமா யாரு அள்ளினது?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. மகனைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அதைத்தான்டா நீ சுவருக்குள்ள வச்சுப் பூசினே."